துப்பறியும் கதையும் கொலை வழக்கின் உண்மை விசாரணையும்

துப்பறியும் நாவல்களைப் படித்து இன்புறாத வாசகர் மிகச் சிலரே. தமிழில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகியோர் இவ்வகை நாவல்களை எழுதிப் பெரும் வாசகர் கூட்டத்தை உண்டாக்கினர். அவர்களுக்குப் பின் தமிழ்வாணன் படைத்த சங்கர்லால், ஒரு தலைமுறையினருக்குத் துப்பறிவாளரின் இலக்கணமாகவே விளங்கினார். இக்கதைகள் வாசகரின் கவனத்தைக் கூர்மையாக்குகின்றன. காரண காரியத் தொடர்பை நாடும் பழக்கத்தை வளர்க்கின்றன. ஆனால் அவை ஒரு தவறான எண்ணத்தையும் உடன் பரப்பிவிடுகின்றன. கொலையாளி இன்னார் என்று ஓர் அறிவாளி ஊகித்துக் கூறிவிட்டால் வழக்கு முடிவடைந்துவிடும் என்பதே அவ்வெண்ணம்.

உண்மை விசாரணையில் இரண்டு கேள்விகள் உள்ளன. குற்றத்தைச் செய்தவர் யார் என்பது முதலாவது. அதனை நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நீதிமன்றத்தின் முன் நிறுவ இயலுமா என்பது இரண்டாவது. கதை முதற் கேள்வியோடு நின்றுவிடுகிறது. போலீசாரின் உழைப்பில் பெரும் பகுதி இரண்டாம் கேள்விக்கே செலவாகிறது. அதற்குரிய விடையோ பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்தில், அங்கே முதலில் வந்து சேர்ந்த சாதாரண மக்களின் கைகளில் இருக்கிறது. ஆகவே இப்பொருள் ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் அறிந்திருக்க வேண்டியதொன்றாகும்.

ஒரு கற்பனை நிகழ்ச்சி

பெங்களூர் நகர இரயில் நிலையத்தை அடுத்து அமைந்துள்ளது ஒக்கலிபுரம். தமிழ்க் குடும்பங்கள் பல அங்கு நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. அங்குள்ள குறுகிய சந்து ஒன்றில், பூ விற்றுப் பிழைக்கும் மூதாட்டி ஒருவர் தனியே வசித்து வந்தார் என்று கொள்ளலாம். ஒரு நாள் காலையில் அவர் தலையில் காயத்துடன் இறந்து கிடக்கிறார். தரையில் காபி குடித்த இரண்டு தம்ளர்கள் உள்ளன. முந்திய நாள் மாலை அவருடைய தங்கை மகன் பணம் கேட்டுச் சண்டையிட்டதை அண்டை வீட்டார் கேட்டிருக்கின்றனர்.

கதையில் இவ்விடத்தே துப்பறிவாளர் நுழைவார். வீடு கலையாமல் இருக்கும். அவர் ஒரு சாம்பல் துகளையும் ஒரு செருப்புத் தடத்தையும் கண்டு, ஊரார் ஐயுற்ற இளைஞன் நிரபராதி என்றும், யாரும் எண்ணாத ஒருவரே கொலையாளி என்றும் கூறுவார். கொலையாளியும் உடனே குற்றத்தை ஒப்புக்கொள்வார்.

உண்மையில் நிகழக்கூடியது வேறு. போலீசார் வருமுன் பத்துப் பதினைந்து பேர் அவ்வீட்டுக்குள் புகுந்திருப்பர். ஒருவர் மூதாட்டியைத் தூக்கி நேராகப் படுக்க வைத்திருப்பார், இன்னொருவர் புடவை ஒன்றைப் போர்த்தியிருப்பார், வாசல் பெருக்கப்பட்டிருக்கும். யாரோ ஒரு பெண்மணி, இறந்தவர் வீடு அலங்கோலமாகக் கிடக்க வேண்டாமென்ற பரிவினால், இரண்டு தம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார். இச்செயல்களில் தீய நோக்கம் சிறிதும் இல்லை. எனினும் அவ்வீட்டில் இறுதியாகக் காபி குடித்த இரண்டாம் மனிதர் யார் என்பதைக் கூறக்கூடிய சான்று, கழுவிய நீரோடு போய்விட்டது.

விசாரணைக் கலையின் தோற்றம்

துப்பறியும் கதையும் விசாரணை விஞ்ஞானமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்தவை. ஆர்தர் கோனன் டாயில், எடின்பரோவில் தமக்கு மருத்துவம் கற்பித்த டாக்டர் ஜோசப் பெல் என்பாரின் கூர்த்த நோக்கைக் கண்டு, ஷெர்லாக் ஹோம்ஸ் என்ற பாத்திரத்தை அமைத்தார். 1887 இல் வெளிவந்த முதற் கதையில் ஹோம்ஸ், இரத்தத்தை ஐயமின்றிக் காட்டும் இரசாயனச் சோதனை ஒன்றைக் கண்டறிந்ததாக மகிழ்கிறார். மனித இரத்தத்தைப் பிற விலங்குகளின் இரத்தத்தினின்று பிரித்தறியும் சோதனையை ஜெர்மானியரான உலென்ஹூத் 1901 இல்தான் வெளியிட்டார். இவ்வாறு கற்பனை சில வேளைகளில் விஞ்ஞானத்தை முந்திச் செல்வதும் உண்டு.

ஆஸ்திரிய நாட்டு மாஜிஸ்திரேட்டான ஹான்ஸ் கிராஸ், குற்ற விசாரணை முறைகளைத் தொகுத்து 1893 இல் ஒரு கைந்நூல் வெளியிட்டார். அதன் ஆங்கில வடிவம் 1906 இல் சென்னையில் அச்சாயிற்று என்பது தமிழ் வாசகர் அறியத்தக்கது. சென்னையில் வழக்கறிஞர் பணி புரிந்த ஆடம் என்னும் குடும்பப் பெயருடைய இருவர், இந்நாட்டு நிலைமைகளுக்கு ஏற்ப அதனை ஆக்கித் தந்தனர். அதற்கு முன்பே, 1897 இல், உலகின் முதல் விரல் ரேகை நிலையம் கல்கத்தாவில் நிறுவப்பட்டது. எட்வர்டு ஹென்றியின் பெயரால் வழங்கும் ரேகைப் பாகுபாட்டு முறையை உருவாக்குவதில் அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இந்திய அதிகாரிகள் இருவர் பெரும் பங்கு கொண்டனர்.

சான்று கூறுவதும் கூறாததும்

ஒவ்வொரு சான்றும் ஓர் எல்லைக்குட்பட்டே பேசும். இதனை விளக்க 1898 ஆம் ஆண்டின் ஜல்பாய்குரி வழக்கைக் காட்டிலும் சிறந்த பாடம் இல்லை. வங்காளத்துத் தேயிலைத் தோட்ட மானேஜர் ஒருவர் கொலையுண்டார்; பணமும் களவு போயிற்று. அவ்வீட்டிலிருந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றில் இரத்தக் கறை படிந்த விரல் அடையாளம் காணப்பட்டது. அது, முன்பு தண்டனை பெற்றிருந்த பழைய வேலைக்காரர் ஒருவரின் கட்டை விரல் ரேகையோடு பொருந்தியது. கதையாயின் இவ்வளவே போதும். ஆயினும் நீதிமன்றம் அவரைத் திருட்டுக் குற்றத்துக்கே தண்டித்தது. கொலைக் குற்றத்தினின்று விடுவித்தது. ரேகை அவர் அங்கிருந்ததைக் காட்டியது; கொலை செய்த கை அவருடையதே என்பதைக் காட்டவில்லை.

இறந்த நேரத்தைக் கணிப்பதும் இத்தகையதே. கதையில் மருத்துவர் பிரேதத்தைப் பார்த்தவுடன், "இரவு பத்தேகால் மணி" என்று கூறிவிடுவார். உண்மையில் மருத்துவர் ஒரு கால வரம்பையே கூற முடியும். உடல் வெப்பம் சுற்றுப்புற வெப்பத்தை நோக்கிக் குறைந்துகொண்டு வருகிறது. தசைகளின் விறைப்பு, பொதுவாகச் சில மணி நேரத்துக்குள் முகத்திலும் கழுத்திலும் தொடங்கி, ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடல் முழுவதும் பரவி, பின்னர் தளர்கிறது. குருதி புவியீர்ப்பினால் கீழ்ப்புறமாகத் தேங்கித் தோலில் கருஞ்சிவப்புத் திட்டுக்களை உண்டாக்குகிறது. வெப்பம், உடற்பருமன், உடை, இறக்குமுன் பட்ட சிரமம் ஆகியவை இம்மாறுதல்களின் வேகத்தை மாற்றும். சென்னையின் கோடையில் விறைப்பு விரைவில் தோன்றி விரைவில் நீங்கும். பெங்களூரின் குளிர்ந்த இரவில் தாமதமாகும். உடலைப் புரட்டிவிட்டால் திட்டுக்கள் இடம் மாறவுங்கூடும்.

கறைகளைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். சிவந்த கறையெல்லாம் இரத்தமன்று. வெற்றிலைச் சாறும், துருவும், சாயமும் கண்ணை ஏமாற்றும். ஆய்வுக்கூடத்தில் முதற்கண் செய்யப்பெறும் நிறச் சோதனை, "இரத்தமாக இருக்கலாம்" என்ற அளவில் நிற்கும். அது மனித இரத்தந்தானா என்பதற்கு வேறு சோதனை. யாருடையது என்பதற்கு மரபணுச் சோதனை. ஒவ்வொரு படிக்கும் காலமும், போதிய அளவு மாதிரியும் தேவை.

இறந்தவர் யார் என்பதே முதற் புதிராக அமைவதும் உண்டு. 1952 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், மானாமதுரையில், சென்னையிலிருந்து வந்த இரயில் வண்டியிலிருந்த டிரங்குப் பெட்டி ஒன்றில் தலையற்ற உடல் கண்டெடுக்கப்பட்டது. தலை, சென்னை இராயபுரம் கடற்கரையில் அகப்பட்டது. ஆளவந்தார் கொலை வழக்கு எனத் தமிழகம் முழுவதும் பேசப்பட்ட வழக்கு இதுவே. தலையும் உடலும் ஒருவருடையனவே என்பதைச் சென்னை மருத்துவ நிபுணர்கள் நிறுவினர். இறந்தவர் முன்னர் இராணுவத்தில் பணி புரிந்தவராதலின், அங்கே பதிவாகியிருந்த விரல் ரேகைகளும் அடையாளத்தை உறுதி செய்ய உதவின. யாரோ ஓர் எழுத்தர் பல ஆண்டுகளுக்கு முன் ஒழுங்காகப் பதிந்து வைத்த தாள், ஒரு கொலை வழக்கின் தூணாயிற்று.

கைமாறும் பொருளின் வரலாறு

கதாசிரியர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. சம்பவ இடத்தில் எடுத்த பொருள், நீதிமன்றத்தில் காட்டப்பெறும் வரை யார் யார் கையில், எந்நாளில், எந்நிலையில் இருந்தது என்பதற்கு இடையறாத பதிவு வேண்டும். இதனைக் காவற்சங்கிலி எனலாம். பொருள் சாட்சிகள் முன்னிலையில் கைப்பற்றப்படுகிறது, மகஜர் எழுதப்படுகிறது, பொதியப்பட்டு அரக்கு முத்திரை இடப்படுகிறது, முத்திரையின் மாதிரியும் உடன் அனுப்பப்படுகிறது. பெங்களூரில் அது மடிவாளாவிலுள்ள மாநிலத் தடய விஞ்ஞான ஆய்வுக்கூடத்தை அடைகிறது. முத்திரை உடைந்திருப்பின், எத்துணைச் சிறந்த சோதனையும் ஐயத்துக்கு இடமாகிவிடும்.

பொதியும் முறையிலும் விஞ்ஞானம் உண்டு. இரத்தம் தோய்ந்த துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் இட வேண்டும். ஈரத்துடன் பிளாஸ்டிக் உறையில் இட்டால் பூஞ்சணமும் பாக்டீரியாவும் பெருகிச் சான்றை அழிக்கும். நஞ்சு பற்றிய ஐயம் இருப்பின், உள்ளுறுப்புக்களைச் செறிந்த உப்புக் கரைசலில் வைத்து அனுப்புவது வழக்கம். பார்மலின் சேர்த்தால் சில நஞ்சுகளைப் பின்னர் கண்டறிதல் கடினமாகும். இவை சிறு விதிகளே. ஆயினும் பல வழக்குகள் இத்தகைய சிறு விதிகளில்தான் நிலைக்கின்றன அல்லது சாய்கின்றன.

ஒப்புதல் வாக்குமூலம்

கதையின் இறுதி அத்தியாயத்தில் குற்றவாளி யாவற்றையும் ஒப்புக்கொள்வது வழக்கம். இந்தியச் சட்டத்திலோ, போலீஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க இயலாது. 1872 ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலிருந்த இவ்விதி, 1-7-2024 முதல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்திலும் தொடர்கிறது. ஆயினும் காவலில் உள்ளவர் கூறிய தகவலால் புதிய உண்மை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், அக்கண்டுபிடிப்போடு நேரே தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும்.

இவ்விதியின் பின்னுள்ள அச்சம் வெறும் அச்சமன்று. 1983 இலும் 1986 இலும் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் பகுதியில் இரு பெண்கள் கொலையுண்ட வழக்கில், இளைஞர் ஒருவர் ஒரு கொலையைத் தாம் செய்ததாக ஒப்புக்கொண்டிருந்தார். அலெக் ஜெப்ரீஸ் 1984 இல் கண்டறிந்த மரபணு அடையாள முறையை அவ்வழக்கில் பயன்படுத்தியபோது, இரு கொலைகளையும் செய்தவர் வேறொருவர் என்பது புலப்பட்டது. ஒரு கொலை விசாரணையில் அம்முறை ஆற்றிய முதற் பணி, குற்றமற்ற ஒருவரை விடுவித்ததாகும். உண்மைக் குற்றவாளியோ, சோதனைக்குத் தமக்குப் பதிலாக மற்றொருவரை இரத்தம் கொடுக்கச் செய்து தப்பியிருந்தார். இதுபற்றிய பேச்சு ஒன்று தற்செயலாகக் காதில் விழ, ஒரு பெண்மணி அதனைப் போலீசாருக்குத் தெரிவித்தார்; அதன் பின்னரே அவர் அகப்பட்டார்.

உண்மையை மருந்தினால் வரவழைக்கலாம் என்ற நம்பிக்கையும் கதைகளில் காணப்படுவதாகும். மயக்க மருந்து கொடுத்து விசாரித்தல், பொய் கண்டறியும் கருவி, மூளை அலைச் சோதனை ஆகியவற்றை ஒருவரது சம்மதமின்றி நடத்துதல் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று, செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் 2010 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பெங்களூரில் நிகழ்ந்த உண்மை வழக்கு

மேற்கூறிய யாவும் ஒருங்கே அமைந்த வழக்கு ஒன்று பெங்களூரிலேயே உண்டு. மைசூர் திவானாக இருந்த சர் மிர்சா இஸ்மாயிலின் பேத்தி ஷாகிரே கலீலி, 1991 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் காணாமற் போனார். அவருடைய இரண்டாம் கணவர், வினவியவர்களுக்கெல்லாம் வெவ்வேறு விடை கூறி வந்தார். தாயைத் தேடிய மகள் 1992 இல் போலீசாரிடம் புகார் அளித்தார். ஆண்டுகள் கழிந்தன, ஐயம் இருந்தது, சான்று இல்லை.

1994 மார்ச்சில், நகரக் குற்றப் பிரிவினரின் விசாரணையில், அவர் கூறிய தகவலைக் கொண்டு ரிச்மண்டு சாலை இல்லத்தின் வளாகத்தில் நிலம் தோண்டப்பட்டது. மரப் பெட்டி ஒன்றும் அதனுள் எலும்புக்கூடும் வெளிப்பட்டன. அத்துடன் விசாரணை முடியவில்லை. உண்மையில் கடினமான பகுதி அங்கேதான் தொடங்கிற்று. அவ்வெலும்புகள் யாருடையவை? மண்டையோட்டின் உருவத்தை உயிரோடிருந்தபோது எடுத்த புகைப்படத்தின் மீது பொருத்திப் பார்த்தனர். மரபணுச் சோதனை செய்தனர். உடன் கிடந்த அணிகலன்களைத் தாயார் அடையாளங்காட்டினார். பெட்டி செய்வித்தது பற்றியும், குழி தோண்டியது பற்றியும் எளிய உழைப்பாளிகள் சாட்சியம் கூறினர். காணாமற் போனவரின் பெயரால் நடந்த சொத்து விற்பனைகளின் பத்திரங்கள் ஆராயப்பட்டன.

கொலையை நேரிற் கண்டவர் எவரும் இல்லை. வழக்கு முழுவதும் சந்தர்ப்பச் சாட்சியத்தின் மீதே நின்றது. அத்தகைய வழக்கில் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே நிறுவப்பட வேண்டும். கண்ணிகள் அனைத்தும் சேர்ந்து குற்றம் சாட்டப்பட்டவரையே சுட்ட வேண்டும். அவர் நிரபராதியாக இருக்கக்கூடும் என்பதற்கு நியாயமான வேறு விளக்கம் எஞ்சியிருக்கலாகாது. 1984 இல் சாரதா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இது. விசாரணை நீதிமன்றம் 2005 இல் தண்டனை விதித்தது. 2008 இல் உச்ச நீதிமன்றம், மரண தண்டனைக்குப் பதிலாக ஆயுள் முடியும் வரை சிறைத் தண்டனை விதித்தது. காணாமற் போன நாளிலிருந்து இறுதித் தீர்ப்பு வரை பதினேழு ஆண்டுகள். கதையில் இது ஓர் இரவிலேயே முடிந்திருக்கும்.

ஆசிரியரும் களப் பணியாளரும் செய்யத்தக்கவை

ஐயத்துக்குரிய மரணத்தில், அவ்வட்டாரத்தைச் சேர்ந்த மதிப்புக்குரியவர் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் முன்னிலையில் பிரேத விசாரணை நடைபெற வேண்டும் என்பது சட்டம். அவ்விருவர் பல வேளைகளில் பள்ளி ஆசிரியராகவோ, கிராம ஊழியராகவோ, சுகாதாரப் பணியாளராகவோ இருப்பர். அவர்கள் அறிக்கையைப் படித்துப் பார்த்து, தாம் கண்டதோடு அது ஒத்திருந்தால் மட்டுமே கையெழுத்திட வேண்டும். ஏழாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் தடய விஞ்ஞான நிபுணர் சம்பவ இடத்துக்குச் செல்ல வேண்டும் என்று 2023 ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா விதிக்கிறது. இதனை நடைமுறைப்படுத்த மாநில அரசாங்கங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் அளிக்கப்பட்டுள்ளது. எனினும் நிபுணர் வந்து சேரும் வரை இடத்தைக் காப்பது அங்கிருப்போரின் கடமையேயாகும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை வருமாறு:

1. உயிர் இருக்கக்கூடும் என்ற ஐயம் சிறிதளவு இருப்பினும், உயிரைக் காப்பதே முதற் கடமை. சான்று அதற்குப் பின்னர்.

2. உயிர் இல்லையென்பது தெளிவாயின், எதனையும் தொடலாகாது; கழுவலாகாது; பெருக்கலாகாது. கதவை அடைத்து, வழியை மறித்து, போலீசாருக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

3. தவிர்க்க முடியாமல் ஏதேனும் ஒன்றைத் தொட்டிருந்தால், அதனை மறைக்காமல் கூற வேண்டும். மறைத்த ஓர் உண்மை, பின்னர் ஒரு நிரபராதிக்கு எதிராகத் திரும்பக்கூடும்.

4. கண்டதையும் கேட்டதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். "சண்டையிட்டதைக் கேட்டேன்" என்பது சாட்சியம். "அவன்தான் செய்திருப்பான்" என்பது ஊகம்.

5. நேரத்தையும் பெயர்களையும் உடனே குறித்து வைத்தல் நலம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிய பயிற்சியாக நடத்தலாம். மேசை மீது பன்னிரண்டு பொருள்களை வைத்து, ஒரு நிமிடம் மாணவர்களுக்குக் காட்டி, பின் மூடிவிட வேண்டும். மாணவர் ஒவ்வொருவரும் தாம் கண்டதைத் தனித்தனியே எழுதட்டும். விடைகளை ஒப்பிட்டால், உண்மையாகவும் உறுதியாகவும் எழுதியவர்கள்கூடச் சிலவற்றில் தவறியிருப்பது தெரியவரும். நேர்மையான சாட்சியும் தவறக்கூடும் என்பதையும், ஆகவே பொருட்சான்று ஏன் தேவை என்பதையும் இதனினும் எளிதாக உணர்த்துதல் அரிது.

இப்போது ஒக்கலிபுரத்துக் கற்பனை வீட்டுக்கு மீளலாம். தங்கை மகன் சண்டையிட்டது உண்மை. அவன் அன்றிரவு அங்கே வரவில்லை என்கிறான், ஊரார் நம்பவில்லை. இரண்டாம் தம்ளரில் அவனுடைய விரல் ரேகை இருந்திருந்தால் அவன் கூற்று பொய்த்திருக்கும். வேறொருவரின் ரேகை இருந்திருந்தால் அவன்மேல் விழுந்த ஐயம் தளர்ந்து, விசாரணை வேறு வழியில் சென்றிருக்கும். தம்ளர் கழுவப்பட்டுவிட்டபடியால் இரண்டில் எதுவும் இயலாது. குற்றவாளியாயின் அவன் தப்பக்கூடும். நிரபராதியாயின் ஊராரின் ஐயத்தை ஆயுள் முழுதும் சுமக்கக்கூடும். மூதாட்டிக்கும் நீதி கிட்டாது. சான்றைக் காப்பது குற்றவாளியைப் பிடிப்பதற்கு எவ்வளவு தேவையோ, குற்றமற்றவரைக் காப்பதற்கும் அவ்வளவு தேவை என்பதை மாணவர்களும் ஊராரும் உணரும்படி செய்தல், ஆசிரியரும் களப் பணியாளரும் ஆற்றக்கூடிய நற்பணியாகும்.